ஐந்து நிமிடத்தில் நிறையும் பேட்டரி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நெடுநாட்களாகக் கேட்க நினைத்ததை இப்போது எழுதுகிறேன். அறிவியல் செய்திகளைத் தவறாமல் படிப்பவன் நான். மாதம் ஒருமுறையாவது ஏதேனும் ஒரு புதிய பேட்டரி பற்றிய செய்தி கண்ணில் படுகிறது. ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும் என்கிறார்கள். ஒருமுறை நிறைத்தால் ஒரு வாரம் வரும் என்கிறார்கள். பத்து மடங்கு கொள்ளளவு என்கிறார்கள். இப்படியே பல ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கைபேசியோ இன்றும் இரவில் சார்ஜரில் போட்டால்தான் மறுநாள் வேலை செய்கிறது. பழைய பொத்தான் போன் நான்கைந்து நாட்கள் தாங்கியதை நினைத்தால், நாம் பின்னோக்கிப் போகிறோமோ என்றுகூடத் தோன்றுகிறது. இச்செய்திகள் பொய்யா, அல்லது முதலீட்டாளர்களை ஈர்ப்பதற்கான விளம்பரமா? அறிவியல் செய்திகளைப் படிப்பதையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. திடநிலை பேட்டரி அடுத்த ஆண்டே வந்துவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதற்காகப் புதிய போன் வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தவற்றில் பெரும்பாலானவை பொய் அல்ல. ஆய்வகத்தில் உண்மையாகவே நடந்த ஒன்றைத்தான் அவை சொல்கின்றன. அங்கே அளக்கப்பட்டது பேட்டரியின் ஒரு பகுதியின் ஒரு குணம் மட்டுமே என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரே ஒரு செய்தியை எடுத்து அதன் முழு வரலாற்றையும் பார்ப்பது உங்கள் கேள்விக்கு நேர்மையான பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

2007 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யீ சுயி என்பவரின் குழு, லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனையில் வழக்கமான கிராஃபைட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் நுண்ணிழைகளைப் பயன்படுத்திக் காட்டியது. பத்து மடங்கு மின்னூட்டம் கொள்ளும் பேட்டரி என்று அச்செய்தி உலகைச் சுற்றி வந்தது. அந்தக் கணக்கில் பிழை இல்லை. கிராஃபைட்டில் ஒரு லித்தியம் அயனி தங்குவதற்கு ஆறு கார்பன் அணுக்கள் தேவை. சிலிக்கானின் ஒரே அணு ஏறத்தாழ நான்கு லித்தியம் அணுக்களை ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி (எம்ஏஎச்) அளவுக்கு மின்னூட்டம் கொள்ளுமென்றால், ஒரு கிராம் சிலிக்கான் 3,500-க்கும் மேல் கொள்ளும். ஆனால் பேட்டரி என்பது எதிர்மின்முனை மட்டும் அல்ல. நேர்மின்முனை, முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் மின்பகுளி, முனைகளைப் பிரிக்கும் படலம், செம்பு அலுமினியத் தகடுகள், உறை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. நேர்மின்முனையிலுள்ள உலோக ஆக்சைடின் கொள்ளளவைக் கிராமுக்கு 180 என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்: எதிர்மின்முனை பத்து மடங்கு மேம்பட்டாலும், இரு முனைகளையும் சேர்த்த எடைக்குக் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 40 விழுக்காடுதான். தகடுகளையும் உறையையும் சேர்த்தால் அது மேலும் குறையும். பத்து மடங்கு என்று தலைப்பில் தொடங்கிய செய்தி, கொள்கையளவிலேயே ஒன்றரை மடங்கைக்கூட எட்டாமல் நின்றுவிடுகிறது.

அந்த ஆதாயமும் எளிதில் கைக்கு வரவில்லை. லித்தியத்தை ஏற்றுக்கொண்ட சிலிக்கான் தன் பழைய பருமனைப்போல மூன்று மடங்குக்கும் மேலாக வீங்கும். லித்தியம் வெளியேறும்போது சுருங்கும். இப்படி வீங்கிச் சுருங்கும் பொருள் சீக்கிரமே நொறுங்கிவிடும் என்பதால்தான், வீங்குவதற்கு இடம் இருக்கட்டும் என்று அவர்கள் அதை இழைகளாக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு வீக்கத்திலும் மின்பகுளியை நோக்கிப் புதிய பரப்பு திறந்துகொள்கிறது. அங்கே வேண்டாத வேதிவினை ஒன்று நடந்து, கொஞ்சம் லித்தியம் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்கிறது. இதை எண்ணிக்கையில் பார்த்தால் வியப்பாக இருக்கும். சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 99.9 விழுக்காடு லித்தியம் பத்திரமாகத் திரும்புகிறது என்று ஓர் ஆய்வுக்கட்டுரை சொன்னால், அது ஏறக்குறைய முழு வெற்றி என்றே நமக்குத் தோன்றும். ஆயிரத்தில் ஒரு பங்கு இழப்பு 500 சுற்றுகள் தொடர்ந்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 60 விழுக்காடு. அதாவது ஒன்றரை ஆண்டுக்குள் உங்கள் பேட்டரி அரைகுறையாகிவிடும். ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆண்டுகள் கழிவது பெரும்பாலும் அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இன்னொரு ஒன்பதைச் சேர்ப்பதற்காகத்தான். இந்த உழைப்பைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை, 99.9 என்பது 99.97 ஆனது என்று எழுதினால் படிக்க ஆளும் இருக்காது.

இந்தக் கதையின் பிற்பகுதியை நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். சிலிக்கான் வந்துவிட்டது. 2023-இல் ஹானர் நிறுவனம் சிலிக்கானும் கார்பனும் கலந்த எதிர்மின்முனை கொண்ட பேட்டரியைத் தன் கைபேசியில் பயன்படுத்தியது. அதன்பின் வேறு பல சீன நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. 5,000 எம்ஏஎச் என்பது வழக்கமான அளவாக இருந்த நிலை மாறி, அதே தடிமனில் 6,000, 7,000 எம்ஏஎச் என்று இன்று போன்கள் விற்கப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். யீ சுயி தொடங்கிய ஆம்ப்ரியஸ் நிறுவனம் ஆளில்லா விமானங்களுக்குச் சிலிக்கான் பேட்டரிகளை விற்கிறது. பிறந்தபோது உலகமே பேசிய ஒரு தொழில்நுட்பம், 16 ஆண்டுகள் கழித்துச் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தபோது விவரக்குறிப்புப் பட்டியலின் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. ஊடகங்கள் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான். அவை மிகைப்படுத்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்து சேர்ந்ததைச் சொல்லாமல் விடுவதால்தான் எதுவுமே வருவதில்லை என்ற எண்ணம் உங்களைப் போன்ற கவனமான வாசகருக்கும் ஏற்படுகிறது.

பொத்தான் போனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2000-இல் வெளிவந்த நோக்கியா 3310-இன் பேட்டரி 900 எம்ஏஎச், 2.4 வோல்ட். அதில் சேமிக்கப்படும் ஆற்றல் இரண்டு வாட் மணியைச் சற்றே தாண்டும். இன்றைய 5,000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பதோ ஏறத்தாழ 19 வாட் மணி, அதாவது ஒன்பது மடங்கு. முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது, வருமானம் உயர உயரச் செலவையும் உயர்த்திக்கொள்ளும் குடும்பத்தைப்போல நம் போன்கள் அதைச் செலவழித்துவிட்டன. அந்தப் பழைய போனின் திரையில் மொத்தமே 84-க்கு 48 புள்ளிகள், அதுவும் நிறமற்றவை. இன்றைய திரை வெயிலில் படிக்கும் அளவுக்கு ஒளிர்கிறது. போனின் சிக்னல் வாங்கி அனுப்பும் பகுதி ஓயாமல் கைபேசிக் கோபுரத்துடன் பேசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மூடிவிட்டதாக நினைக்கும் செயலிகள் பின்னால் விழித்திருக்கின்றன. ஒரு நாள் தாங்கினால் போதும் என்று உற்பத்தியாளர்களே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்கு மேல் கிடைக்கும் ஆற்றலை ஒளிக்கும் வேகத்துக்கும் மெலிவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன். இரண்டு நாள் தாங்கும், ஆனால் சற்றே தடித்த போனை எத்தனை பேர் விரும்பி வாங்குவோம் என்பதையும் இங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் எதிர்பார்ப்பு ஓரளவு கணினிச் சில்லுகளால் கெட்டுப்போனது. 1971-இல் இன்டெல் 4004 சில்லில் இருந்த டிரான்சிஸ்டர்கள் 2,300. 2023-இல் ஆப்பிள் ஏ17 ப்ரோவில் 1,900 கோடி. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம், ஆனால் லித்தியம் அயனியைச் சிறிதாக்க வழியில்லை. தனிம அட்டவணையில் அதைவிட இலேசான உலோகமும் இல்லை. 1991-இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 வாட் மணி கொண்டது. இன்று நல்ல பேட்டரிகள் 250-ஐத் தாண்டுகின்றன. முப்பது ஆண்டுகளில் மூன்று மடங்கு என்பது வேதியியலில் நல்ல வேகம்தான். விலையிலோ இன்னும் பெரிய மாற்றம்: அதே ஆற்றலைச் சேமிக்க ஆகும் செலவு, அறிமுகமான காலத்திலிருந்து 97 விழுக்காடு குறைந்துவிட்டது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கணக்கிட்டார்கள். மின்சாரக் கார்கள் சாத்தியமானதற்கு இந்த விலைச்சரிவே பெரிய காரணம்.

இனி மிகைப்படுத்தல் எங்கே நுழைகிறது என்ற கேள்வி. நாம் வழக்கமாகச் செய்தியாளரைத்தான் குற்றம் சொல்வோம். கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 உடல்நலச் செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மிகையான அறிவுரை 40 விழுக்காடு செய்திக்குறிப்புகளிலேயே இருந்தது; குறிப்பு மிகைப்படுத்தியபோது செய்தியும் பெரும்பாலும் மிகைப்படுத்தியது. அது மருத்துவச் செய்திகளைப் பற்றிய ஆய்வு என்றாலும், பேட்டரிச் செய்திகளும் அதே குழாய் வழியாகத்தான் வருகின்றன. பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலகம் எழுதுவதைச் செய்தித்தளம் சுருக்குகிறது. தலைப்பு எழுதுபவர் அதை மேலும் சுருக்குகிறார். காணொளிக்காரர் தலைப்பை மட்டும் படிக்கிறார். ஒவ்வொரு படியிலும் விழுந்துபோவது ஒரு நிபந்தனை. நீங்கள் ஐயப்படும் முதலீட்டு விளம்பரங்களும் உண்டு, ஆனால் என் பார்வையில் அவை சிறுபான்மை.

விடுபட்ட எண்ணைத் தேடுவதுதான் நான் பழகிக்கொண்ட வாசிப்பு முறை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய எரியூட்டு ஆய்வகத்தில் அணுக்கரு இணைவு வினையின்போது, எரிபொருள் இலக்குக்குள் செலுத்தியதைவிட அதிக ஆற்றல் வெளிவந்தது என்ற செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே சென்ற லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15. இரண்டும் உண்மையான எண்கள், அது அரிய சாதனையும்கூட. அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்த ஆற்றல் ஏறத்தாழ 300 மெகாஜூல் என்பது மட்டும் பல செய்திகளில் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது, அல்லது காணாமலே போனது. பேட்டரிச் செய்தியிலும் இப்படித்தான். வேகமாக நிறைகிறது என்றால் எத்தனை சுற்றுகளுக்குப் பிறகும் அப்படி நிறைகிறது என்று கேளுங்கள். அதிகம் கொள்கிறது என்றால் எந்த எடைக்கு, எந்தப் பருமனுக்கு என்றும், சோதித்தது நாணய அளவிலான ஆய்வகக் கலத்திலா முழுப் பேட்டரியிலா என்றும் கேளுங்கள். பதில் செய்தியில் இல்லையென்றால், அந்தக் குணத்தில் அது இன்னும் தேறவில்லை என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அறிவித்தவரின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் இயலாது. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ஜான் குட்எனஃப், 2017-இல் தம் 94-ஆம் வயதில் கண்ணாடி மின்பகுளி கொண்ட பேட்டரி ஒன்றை அறிவித்தார். குறைந்தது மூன்று மடங்கு ஆற்றல், சில நிமிடங்களில் சார்ஜ் என்றது அவருடைய பல்கலைக்கழகத்தின் குறிப்பு. துறையினர் பலர் அப்போதே ஐயம் எழுப்பினார்கள். அவர் 2023-இல் மறைந்தார். அந்தப் பேட்டரி இன்னும் நம் கைபேசிகளுக்கு வந்து சேரவில்லை.

ஆனாலும் அறிவியல் செய்திகளைப் படிப்பதை நிறுத்தவேண்டாம். கொஞ்சம் தாமதமாகப் படியுங்கள். 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருளைப் பற்றிய அறிவிப்பு வந்தது. சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இன்றி மின்சாரத்தைக் கடத்தும் என்றார்கள். சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்துபார்த்தன. மின்தடையில் கண்ட திடீர் வீழ்ச்சிக்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு என்று தெரியவந்தது. முதல் வாரத்தின் பரபரப்பைவிட, அந்த மறுசோதனைகள் எப்படி நடந்தன என்பதைப் படித்ததில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

மின்பகுளி திரவமாக இல்லாமல் திடப்பொருளாக இருக்கும் திடநிலை பேட்டரிக்காகக் காத்திருக்க வேண்டாம். டொயோட்டா தன் கார்களில் அதை 2020-களின் தொடக்கத்தில் கொண்டுவருவதாக 2017-இல் சொன்னது. 2023-இல் அந்த இலக்கை 2027-28-க்கு நகர்த்தியது. ஆய்வில் அத்தனை பணம் செலவிடும் நிறுவனத்துக்கே நாள் குறிக்க முடியவில்லையென்றால், காணொளி குறித்த நாளை நம்ப அடிப்படை இல்லை. போனின் அமைப்புகளில் பேட்டரி நலம் என்ற பகுதி இருந்தால் திறந்து பாருங்கள். அது 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புதிய போன் வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு. 90-க்கு மேல் இருந்தும் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால், பேட்டரியை மாற்றியும் பெரிய பயன் இருக்காது. எந்தச் செயலி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற பட்டியலும் அதே அமைப்புகளில் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்.