படகு ஓடவில்லை, பணமும் திரும்பவில்லை: அந்தமான் பேக்கேஜில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

கேள்வி: பிள்ளைகளின் காலாண்டு விடுமுறைக்கு அந்தமான் போக, தி.நகரில் உள்ள ஒரு டிராவல்ஸில் 5 இரவு பேக்கேஜ் எடுத்தோம். நான், மனைவி, 11 வயது மகன், 6 வயது மகள். விமானம், படகு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 1,84,000 ரூபாய். இதில் 40,000 கிரெடிட் கார்டில், மீதி யு.பி.ஐ.யில். முதல் இரவும் கடைசி இரவும் போர்ட் பிளேர், நடுவில் மூன்று இரவு ஹேவ்லாக் தீவு ரிசார்ட். ரிசார்ட் அறை இரவுக்கு 14,000 என்று கொட்டேஷனில் இருக்கிறது. இரண்டாம் நாள் காலை கடல் கொந்தளிப்பால் படகு ரத்து. இரண்டு இரவு போர்ட் பிளேரிலேயே சொந்தச் செலவில், இரவுக்கு 4,800 கொடுத்துத் தங்கினோம். நான்காம் நாள் படகுக்கு மறுபடியும் 6,400 வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் நீச்சல் குளத்தில் தண்ணீரே இல்லை, டைல்ஸ் பெயர்த்துப் போட்டிருந்தது. குழந்தைகள் விளையாட்டு அறைக்குப் பூட்டு. மகனுக்கு எக்ஸ்ட்ரா பெட் 3,500, சாப்பாடு 1,500 தனியாக வாங்கினார்கள். கேட்டால், "இயற்கைச் சீற்றம் சார், இது ஆஃபர் ரேட், நான்-ரீஃபண்டபிள், பணம் திரும்பாது" என்கிறார் டிராவல்ஸ்காரர். 15,000 ரூபாய்க்கு ஆறு மாத கிரெடிட் நோட் தருகிறாராம். ரிசார்ட்டோ, "பணம் கட்டிய இடத்தில் கேளுங்கள்" என்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், கே.கே.நகர்

பதில்: அந்தக் கிரெடிட் நோட்டுக்கு வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு "முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டார்" என்று அந்த ஒரு வார்த்தையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், "மீதித் தொகைக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு வாங்குங்கள்.

உங்கள் புகாரில் இரண்டு வகைச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. கடல் கொந்தளித்ததும் படகு நின்றதும் ஒரு வகை. குளத்தை மூடியிருப்பதைச் சொல்லாமல் விற்றதும், ஓடாத படகின் டிக்கெட் பணத்தைத் தராமல் இன்னொரு டிக்கெட்டுக்குக் காசு வாங்கியதும் வேறு வகை. முதல் வகைக்கு யாரும் குற்றவாளி இல்லை. இரண்டாவது வகைக்குப் பொறுப்பாளி உண்டு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு "எங்கள் விடுமுறையே பாழாகிவிட்டது, முழுப் பணத்தையும் கொடு" என்று போனால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். வானிலை எச்சரிக்கையை நீட்டி, மொத்தத்துக்கும் அதையே பதிலாக்கிவிடுவார். விமானத்தில் போனீர்கள், வந்தீர்கள். போர்ட் பிளேர் அறையைப் பயன்படுத்தினீர்கள். அந்தப் பணத்தைக் கேட்க முடியாது.

ஆனால் "இயற்கைச் சீற்றம்" என்று சொன்னதும் உங்கள் பணம் அவருடையதாகிவிடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தமானில் உச்ச சீசன். மே மூன்றாம் வாரவாக்கில் தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும். அது விலகி வடகிழக்குப் பருவம் தொடங்குகிற செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இரண்டுங்கெட்டான் காலம். டிராவல்ஸ்காரர்கள் இதை ஷோல்டர் சீசன் என்பார்கள். ரேட் குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம், கடல் எப்போது மூடும் என்று சொல்ல முடியாததுதான். 2016 டிசம்பரில், உச்ச சீசனிலேயே, வர்தா புயலுக்கு முன்னோடியான காற்றழுத்தத் தாழ்வால் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்க வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அங்கே படகு நிற்கும் என்பது புதுச் செய்தி அல்ல. குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு இந்தப் பருவத்தில் பேக்கேஜ் விற்பவர், படகு நின்றால் அறைப் பணம் என்னாகும், எங்கே தங்கவைப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சேவைக் குறைபாடு என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்ந்தே வருகிறது. நீச்சல் குளத்துக்கு இது இன்னும் நேராகப் பொருந்தும். டைல்ஸைப் பெயர்த்துப் போடுகிற வேலை முந்தைய நாள் இரவு முளைத்த வேலை இல்லை.

"நான்-ரீஃபண்டபிள்" என்ற நிபந்தனையை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலும் "வாடிக்கையாளர் ரத்து செய்தால்" என்றுதான் இருக்கும். நீங்கள் எதையும் ரத்து செய்யவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனீர்கள், படகு ஓடவில்லை. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 56, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. பிரிவு 65, அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தால் பலன் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்த இரண்டு இரவுக்கான வாதம் இந்த இரண்டு பிரிவுகளில்தான் நிற்கிறது.

இங்கே எதிர்வாதம் ஒன்று வரும். "அறை தயாராகத்தான் இருந்தது, வராதது விருந்தாளி" என்று ரிசார்ட் சொல்லும். அறையை நீங்களே தனியாக ஆன்லைனில் போட்டு, படகை வேறு இடத்தில் போட்டிருந்தால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. தீவுக்கு எப்படி வந்து சேர்வீர்கள் என்பது உங்கள் பாடு. ஆனால் நீங்கள் வாங்கியது பேக்கேஜ். கொண்டுபோய்ச் சேர்ப்பதும் தங்கவைப்பதும் ஒரே விலைக்குள் அடக்கம், இரண்டையும் ஒப்புக்கொண்டவர் ஒரே ஆள். அதனால் "நான் வெறும் இடைத்தரகர்" என்று டிராவல்ஸ்காரர் தப்புவது கடினம். உங்கள் வழக்கில் முதல் எதிர்தரப்பினர் அவர்தான். ரிசார்ட்டை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், குளத்துக்கும் விளையாட்டு அறைக்கும் அது பதில் சொல்ல வேண்டும்.

இனி தொகை. பயன்படுத்தாத இரண்டு இரவு, 28,000. ஓடாத படகின் டிக்கெட் பணமாக 6,400. எக்ஸ்ட்ரா பெட்டும் சாப்பாடும் 5,000. ஆக 39,400 ரூபாய். போர்ட் பிளேரில் கொடுத்த 9,600-ஐயும் கூட்ட மனம் சொல்லும், கூட்டாதீர்கள். அந்த 28,000 திரும்பிவிட்டால், அந்த இரண்டு இரவும் எங்கோ ஓரிடத்தில் காசு கொடுத்துத்தான் தங்கியிருப்பீர்கள். இரண்டையும் கேட்டால் இலவசமாகத் தங்கியதாகிவிடும், மற்றக் கணக்கின் மீதும் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குச் சந்தேகம் வரும். "28,000 கிடைக்காவிட்டால் மாற்றாக 9,600" என்று தனி வரியில் எழுதலாம். குளமில்லாத அந்த ஓர் இரவுக்கு வாடகையில் ஒரு பகுதி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனியாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதுவதால் ஒரு ரூபாய் கூடக் கூடுதலாக வராது.

எக்ஸ்ட்ரா பெட் விஷயத்தில் எல்லாமே ஒரு மெசேஜில் தொங்குகிறது. குழந்தைகளின் வயது வரம்பு ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். புக்கிங் செய்தபோது "11 வயது, 6 வயது" என்று நீங்கள் எழுதி அனுப்பியிருந்தால், வவுச்சரில் வெறுமனே "2 பெரியவர், 2 குழந்தை" என்று போட்டது டிராவல்ஸின் தவறு, 5,000 ரூபாய் அவர் தலையில். வயதைச் சொல்லாமல் "இரண்டு பசங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்த 5,000-ஐ விட்டுவிடுங்கள்.

ஆதாரங்களில் முதலிடம் படகு நிறுவனம் அனுப்பிய ரத்துச் செய்திக்கு. அது இல்லையென்றால் ரிசார்ட் உங்களை "நோ ஷோ" என்று எழுதிவிடும், வராமல் போனவர் கணக்கில் சேர்த்துவிடும். செய்தி டிராவல்ஸ்காரர் போனுக்குத்தான் போயிருந்தால், டிக்கெட் எண்ணைச் சொல்லிப் படகு நிறுவனத்திடமே மின்னஞ்சலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அன்றைய பயணம் ரத்தானதா, ரீஃபண்ட் யாருக்கு, எந்தத் தேதியில் போனது? டிக்கெட் பணம் டிராவல்ஸ் கணக்குக்குத் திரும்பியும் அவர் உங்களிடம் மறுபடி 6,400 வாங்கினார் என்று தெரிந்துவிட்டால், "இயற்கைச் சீற்றம்" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

குளத்தின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியாக இல்லாமல், எடுத்த போனில் இருக்கிற அசல் கோப்பாகவே பத்திரப்படுத்துங்கள். தேதியும் நேரமும் அதில்தான் தங்கும். குளத்தையும் விளையாட்டு அறையையும் காட்டி விற்ற பி.டி.எஃப்., ரிசார்ட் இணையப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இன்றே எடுத்துவையுங்கள், நோட்டீஸ் போன மறுநாள் அந்தப் பக்கம் மாறிவிடலாம். மின்னணுச் சான்றுகளோடு, அவை எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டவை என்று உறுதி சொல்லும் சான்றிதழை, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63(4)-ன்படி இணையுங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பிய 1,44,000 யார் பெயருக்குப் போயிருக்கிறது என்றும் பாருங்கள். நிறுவனக் கணக்கு இல்லாமல் உரிமையாளரின் சொந்தக் கணக்கு என்றால், நோட்டீஸிலும் மனுவிலும் நிறுவனத்தின் பெயரோடு உரிமையாளர் பெயரையும் சேர்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில் தரவில்லையென்றால் இப்போதே கேளுங்கள். கார்டில் போன 40,000-க்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திருப்பித் தரும்படி, கேட்கலாம். அதற்கான கெடு குறுகியது, அதனால் இந்த வாரமே.

நோட்டீஸை நீங்களே எழுதலாம், இரண்டு பக்கம் போதும். ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் இருவருக்கும் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். அதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: "என் பணத்தில் ரிசார்ட்டுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டினீர்கள்? பில்லைக் காட்டுங்கள்." ரிசார்ட் அந்த இரண்டு இரவுக்கும் பணம் வாங்கவே இல்லை, அல்லது வேறு தேதிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது என்ற உண்மை இந்தக் கேள்வியில்தான் பல நேரம் வெளியே வரும். அதே சமயம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போடாது. ஆனால் அங்கிருந்து போகும் கடிதத்துக்கே சிலர் இறங்கி வருவார்கள்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு இருக்கின்றன. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று பதிவகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரிசார்ட் அந்தமானில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-ன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். "வழக்கு எல்லாம் போர்ட் பிளேரில் மட்டும்" என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தாலும் அது உங்களைத் தடுக்காது. சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். எதிர்தரப்பினர் 30 நாளில் பதிலுரை தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதைத் தாண்டி நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் தீர்த்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டிய வழக்கு வாய்தாக்களால் நீளும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 69.

ஒருதலையான நிபந்தனையையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதென்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 39,400 ரூபாய்க்கு அந்தப் பாதை வேண்டாம். சேவைக் குறைபாடு என்ற ஒன்றே போதும்.

அடுத்த முறை இதே பருவத்தில் பிள்ளைகளோடு போவதாக இருந்தால் தயங்காமல் போங்கள், கூட்டமும் குறைவு, செலவும் குறைவு. ஆனால் அட்வான்ஸ் போடுவதற்கு முன் டிராவல்ஸ்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, அவர் "ஆம்" என்று பதில் எழுதிய பிறகு பணம் கட்டுங்கள். நிபந்தனைத் தாள் என்ன சொன்னாலும் அந்தப் பதிலும் உங்கள் கையில் ஓர் ஆவணம். இப்படி எழுதலாம்:

"நாங்கள் தங்கும் தேதியில் மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6 வயது. கூடுதல் படுக்கை, சாப்பாடு உட்பட இதுவே முழு விலை. அந்தத் தேதிகளில் நீச்சல் குளமும் குழந்தைகள் அறையும் திறந்திருக்கும். படகு ரத்தானால் படகுப் பணம் முழுவதும் திரும்பும், தங்காத இரவுகளுக்கு ரிசார்ட் பணத்தைத் திருப்பித் தரும் அல்லது ஓராண்டுக்குள் வேறு தேதி தரும், இடைப்பட்ட இரவுகளுக்குப் போர்ட் பிளேரில் அறை நீங்கள் ஏற்பாடு செய்வீர்கள். சரியா?"

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்தது நல்ல திட்டம், அதை மாற்றாதீர்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து மதிய விமானம் பிடிக்கும் திட்டத்தில் படகு நின்றால், விமானம் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் டிக்கெட் திரும்பப் பெற முடியாத வகை என்றால், விமான நிறுவனத்திடம் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் மட்டுமே கேட்க முடியும்.