சிட்னியிலிருந்து கூடாரத்தோடு ஒரு பயணம்: கேபர்டி வழியாக ஹில் எண்ட்

சிட்னியிலிருந்து காரில் புறப்பட்டு, கூடாரத்தில் தங்கியபடி பள்ளத்தாக்குகளையும் பழைய ஊர்களையும் பார்க்க எந்தத் தடம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். புளூ மவுண்டன்ஸைத் தாண்டி மேற்கே இறங்கி, ஹார்ட்லி, கேபர்டி, சொஃபாலா வழியாக, பழைய தங்கச் சுரங்க ஊரான ஹில் எண்ட் சேரும் தடத்தையே நான் முதலில் சொல்வேன்.

ஹார்ட்லியில் 1837-இல் கட்டப்பட்ட மணற்கல் நீதிமன்றத்தைச் சற்று நேரத்தில் பார்த்துவிடலாம். லித்கோவில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, வடக்கே காஸில்ரே நெடுஞ்சாலையில் சென்றால், பியர்சன்ஸ் லுக்அவுட்டிலிருந்து கேபர்டி பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்கு எட்டும். ஆனால் மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. இறங்கி, ஓரிரவாவது தங்குங்கள். 1940 முதல் 1952 வரை எண்ணெய்ப் பாறையிலிருந்து பெட்ரோல் எடுத்த கிளென் டேவிஸ் ஆலையின் இடிபாடுகள் அங்கேதான் இருக்கின்றன. அவை தனியார் நிலத்தில் உள்ளதால், அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது. அற்றுப்போகும் நிலையிலுள்ள ரீஜண்ட் தேன்குடிப் பறவைக்கும் இப்பள்ளத்தாக்கு முக்கியமான வாழிடம்.

அங்கிருந்து இல்ஃபோர்டு வழியாக, 1851-இல் தங்கம் தேடி மக்கள் குவிந்த டூரான் ஆற்றங்கரைச் சிற்றூரான சொஃபாலாவைத் தொட்டு, ஹில் எண்டுக்குப் போய்விடுங்கள். விராஜுரி பழங்குடி மக்களின் மண்ணான இந்த ஊரில், 1872 அக்டோபரில், ஸ்டார் ஆஃப் ஹோப் சுரங்கத்திலிருந்து 286 கிலோ எடையுள்ள தங்கப்பாறை ஒன்றை வெளியே எடுத்தார்கள். அதில் ஏறத்தாழ 93 கிலோ தங்கம். சுரங்கப் பங்குதாரரான பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன், தமக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைப் புகைப்படங்களுக்குச் செலவிட்டதுதான் நமக்கு வாய்த்த பேறு. புகைப்படக் கலைஞர்களான போஃபாய் மெர்லினும் சார்லஸ் பெய்லிஸும் அவ்வூரின் கடைகளையும் வீடுகளையும், வாசலில் நிற்கும் மனிதர்களோடு, கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தார்கள். சுமார் 3,500 தகடுகள் 1951-இல் சிட்னியின் சாட்ஸ்வுட்டில் ஒரு தோட்டக் கொட்டகையில் கிடைத்தன. இன்று புல் மண்டிய வெற்றுமனைகளின் முன்னே அந்தப் படங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். படத்தில் கடை வாசலில் ஏப்ரனுடன் ஒருவர் நிற்பார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே கங்காருக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். இதற்காகவே ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

ஹில் எண்டில் தேசியப் பூங்காத் துறையின் முகாமிடங்களுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் இரவு உறைபனி விழும், தடித்த தூக்கப்பை அவசியம். கோடையில் தீத்தடை அறிவிப்பைப் பார்க்காமல் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால், பொழுது சாயும் முன் முகாமுக்குள் வந்துவிடுங்கள்.