வாசகர் கேள்வி: பெருந்தீனி மீன்களுக்கு எந்த வடிகட்டி?

கேள்வி: ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றை வீட்டில் அமைக்கிறேன். ஒரு லயன்ஃபிஷ், ஒரு ஸ்னோஃப்ளேக் மோரே விலாங்கு, ஒரு கிளாத்தி ஆகியவற்றை வளர்க்க எண்ணம். பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் இரண்டு போதும் என்கிறார் கடைக்காரர். சம்ப்பும் ஸ்கிம்மரும் இல்லாமல் தொடங்கவே கூடாது என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், சென்னை

பதில்: நண்பர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் தொட்டி ஏறத்தாழ 1,060 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக 900 லிட்டர் நீர் நிற்கும். கேட்பதற்கு இது பெரிய அளவாகத் தோன்றினாலும், நீங்கள் குறிப்பிடும் மீன்களுக்கு முன்னால் பெரிதல்ல. கிளாத்தி இறாலைக் கடித்து நொறுக்கும்போது ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள்: பாதி வயிற்றுக்குள் போகும், மீதி வாயிலிருந்தும் செவுளிலிருந்தும் தூளாகச் சிதறும். அந்தத் தூளும் மீன்களின் கழிவும் அழுகும்போது அம்மோனியா உருவாகிறது; பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆகவே, அழுகுவதற்கு முன்பே கழிவை நீரிலிருந்து வெளியேற்றுவது எந்த வடிகட்டி என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

கேனிஸ்டர் மூடிய பெட்டி. அதில் சிக்கிய இறால் துணுக்கு தொட்டியை விட்டுப் போய்விட்டதுபோல் தெரியுமே தவிர, அதன் மீது தொட்டி நீர் ஓயாமல் ஓடி, அழுகலைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மீன்களிடமே வந்து சேர்கிறது. வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுபவருக்கு இது பொருந்தும்; அப்படிக் கழுவுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் உள்ளேயிருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமல் மடியத் தொடங்கும் என்பது இன்னொரு குறை.

சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி. மேலிருந்து வழியும் நீர் முதலில் 200 மைக்ரான் வடிபைக்குள் விழட்டும். அந்தப் பையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் கேனிஸ்டருக்கும் அதற்கும் வேறுபாடில்லை. அடுத்து ஸ்கிம்மர். அது நுண்ணிய குமிழிகளை எழுப்பி, நீரில் கரைந்த புரதக் கழிவை நுரையாக மேலே ஏற்றிக் கோப்பையில் தள்ளுகிறது. கோப்பையில் தேநீர் நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்துடன் சேரும் நீரைப் பார்த்தால், அது தொட்டியிலேயே தங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது விளங்கும். 2,000 லிட்டர் தொட்டிக்கு என்று குறிப்பிட்ட ஸ்கிம்மரையே வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எனினும், மீன்கள் செவுள் வழியாக நேரடியாக வெளியிடும் அம்மோனியாவை ஸ்கிம்மர் எடுக்காது; அதற்குப் பாக்டீரியாக்கள் குடியேறப் போதிய லைவ் ராக் எனப்படும் நுண்துளைக் கடற்பாறையோ, மீடியா எனப்படும் நுண்துளைப் பீங்கான் துண்டுகளோ தேவை. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பின்னரே மீன்களை ஒவ்வொன்றாக விடுங்கள்.

நீரை மேலேற்றும் பம்ப், குழாயின் உயரத்தால் குறைவது போக, மணிக்கு 4,500 லிட்டராவது தர வேண்டும். பம்ப் நின்றதும் மேலிருந்து வடியும் நீரைத் தாங்கும் வெற்றிடம் சம்ப்பில் இருக்கிறதா என்பதை, மீன் விடுவதற்கு முன்பே பம்பை நிறுத்திப் பாருங்கள். தரை நனைவதானால் அன்றே நனையட்டும். நீர் வழியும் வாயில் சல்லடை பொருத்தாவிட்டால், விலாங்கு ஒருநாள் குழாய் வழியாகச் சம்ப்புக்கே வந்துவிடும். தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: கிளாத்தி, லயன்ஃபிஷ்ஷின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறும் இயல்புடையது. அவ்விரண்டில் ஒன்றைத் தவிர்த்துவிடுவது நல்லது. கிளாத்தியைத் தவிர்த்தால் வடிகட்டியின் சுமையும் குறையும்.

கேள்வி: புதிய ஸ்கிம்மர் பொருத்திப் பத்து நாளாகிறது. கோப்பையில் ஒன்றுமே சேரவில்லை. தீனி போட்ட பிறகு இருந்த நுரையும் அடங்கிவிடுகிறது. பழுதா?
- வாசகர், மதுரை

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. புதிய ஸ்கிம்மரின் உட்சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப்பசை நீங்கி அது சீராக இயங்க இரண்டு வாரம் வரை ஆகலாம். நெத்திலி, மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீனைத் தீனியாகப் போட்டால், அந்த எண்ணெய் குமிழிகளை உடைத்துவிடும்; சில மணி நேரத்தில் நுரை தானாகவே திரும்பும். தீனியை உப்புநீரில் அலசிப் போடுங்கள். மூன்றாவது வாரமும் கோப்பை காலியாகவே இருந்தால், சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் தடுப்பறையின் நீர்மட்டத்தை அளந்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆழத்துடன் ஒப்பிடுங்கள்.