மிளகாய் கடித்த சம்புவராய வீரன்: த்ரில்லர், ஃபேன்டசி நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

வாசகர் வட்டத்தில் இந்த முறை எல்லாரும் கையில் எடுத்தது த்ரில்லரும் ஃபேன்டசியும்தான். அதிலும் நம்ம வடஆற்காட்டுப் பக்கம் நடக்கிற கதைகளே அதிகம். கேள்விகளை ஊர்ப் பெயரோடு தருகிறேன். நாவல்களின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் முடிவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

குடியாத்தம்: சார், மே மாதம், வேலூரில் பூட்டிய வீட்டுக்குள் பிணம். டாக்டர் தொட்டுப் பார்த்து "உடம்பு இன்னும் சூடா இருக்கு, செத்து ஒரு மணி நேரம்தான் ஆகுது" என்கிறார். அதை வைத்துத்தான் கொலைகாரன் மாட்டுகிறான். ஏற்கலாமா?

ஏற்க முடியாது. கதையின் அச்சாணியே அங்கே கழன்றுவிட்டது. சுற்றியிருக்கும் காற்று உடம்பைவிடக் குளிர்ந்திருந்தால்தான் பிணம் ஆறும். மணிக்கு ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. உயிருள்ள உடம்பின் வெப்பமே 37 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40-ஐத் தாண்டும். ஜன்னல் சாத்திய வீட்டில் காலையில் செத்தவன் சாயங்காலமும் சூடாகத்தான் இருப்பான்.

எழுதியவர் விறைப்பைப் பிடித்திருக்க வேண்டும். 2, 3 மணி நேரத்தில் இமை, தாடை, கழுத்து என்று தொடங்கி 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும். வெயில் காலத்தில் சீக்கிரம் வரும், சீக்கிரம் தளரும். இன்னொன்று ரத்தம் தேங்கிய கறை. உடம்பின் எந்தப் பக்கம் தரையில் இருக்கிறதோ அங்கே இறங்கி, 6 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். அதற்குப் பிறகு பிணத்தைப் புரட்டினாலும் கறை இடம் மாறாது. மல்லாந்து கிடப்பவனுக்கு மார்பில் கறை இருந்தால் யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. வெயில் டாக்டரை ஏமாற்றும் என்று தெரிந்த கொலைகாரன், அதை நம்பியே அலிபி (அந்த நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததற்கான சாட்சி) தயாரித்திருந்தால் எவ்வளவு நல்ல நாவல்! கையில் இருந்த கதையைக் கோட்டை விட்டுவிட்டார்.

காட்பாடி: 2025-இல் நடக்கும் கதையில் இன்ஸ்பெக்டர் "302 போட்டு உள்ளே தள்ளிடுவேன்" என்று மிரட்டுகிறார். தப்புதானே?

யார், எங்கே சொல்கிறார் என்று பாருங்கள் தம்பி. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்குப் பிரிவு 103, பழைய 420 இப்போது 318-க்குள். சந்தேக மரணம் என்று பதிவு செய்கிற 174, புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. முதல் தகவல் அறிக்கையைக் காட்டும் பக்கத்தில் 302 என்று இருந்தால் பிழை. முப்பது வருஷம் அதையே சொன்ன ஏட்டய்யா வாயில் 302 வந்தால் அது பிழையில்லை, நல்ல வசனம். குற்றம் 2024 ஜூலைக்கு முன்பு நடந்திருந்தால், வழக்கு எப்போது நடந்தாலும் பழைய 302-தான்.

ஆம்பூர்: சைலன்சர் மாட்டிய ரிவால்வர். பக்கத்து அறையில் யாருக்கும் கேட்கவில்லை.

ரிவால்வரில் சைலன்சர் பெரும்பாலும் பலிக்காது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வெடிவாயு பீறிடும், சத்தம் அந்த வழியாகவே வந்துவிடும். பிஸ்டல் என்றாலும் 140 முதல் 160 டெசிபெல் வரும் வெடிச் சத்தத்தில் சுமார் 20 முதல் 35 வரைதான் குறையும். பக்கத்து அறை என்ன, எதிர் வீடே எழுந்துகொள்ளும்.

சத்துவாச்சாரி: வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் இருப்பதாகச் சின்ன வயசிலிருந்தே கேள்விப்படுகிறோம். மூன்று நாவலில் ஹீரோ அதில் ஓடிவிட்டான். உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

ஊர்ப்பேச்சு என்ற அளவில் பிடிக்கும். கதையில் அது சோம்பேறித்தனம். ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்பது அதில் ஒன்று. நம்ம ஆட்கள் அந்த ஒன்றையே பத்து கிலோமீட்டருக்கு மேல் நீட்டிவிடுகிறார்கள்.

சுரங்கம் வேண்டுமென்றால் மூன்று விஷயத்துக்குப் பதில் வேண்டும். முதலில் தண்ணீர். கோட்டையைச் சுற்றி அகழி, அதற்குக் கீழே போகும் வழியில் ஊற்று எடுக்கும். இறைக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் போதும், மூழ்கிவிடும். அடுத்து காற்று. மேலே துளை இல்லாத நீண்ட குகையில் தீப்பந்தம் ஏந்தினால் புகை எங்கே போகும்? ஹீரோவுக்கு வில்லனுக்கு முன்னால் இருமல் வந்துவிடும். கடைசியாக, குனிந்து நடந்தால் மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். அத்தனை தூரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். நாவலில் அரை அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. கோட்டைக்குள்ளேயே முப்பது அடிக்கு ஒரு நிலவறை வைத்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

அதே நாவல்களில் ஒன்றில் 1960-இல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறையில், லிங்கத்துக்குப் பின்னால் நகை ஒளித்துவைக்கிறார்கள். அப்போது அந்தக் கருவறையில் லிங்கமே கிடையாது. நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் இருந்த கோயில் அது. 1981-இல்தான் உங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெறும் கருவறை, மேலே வௌவால், காவலுக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தால் நகை ஒளிக்க அதைவிட நல்ல இடம் எது?

திருப்பத்தூர்: கொலைகாரன் யார் என்று என்னால் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. என் தப்பா, எழுதுபவர் தப்பா?

ஒரு சோதனை செய்யுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு பாத்திரமும் முதலில் வரும் பக்கத்தை அட்டையில் பென்சிலால் குறியுங்கள். கொலைகாரன் முதல் கால் பாகத்துக்குள் வந்திருந்து, நீங்கள் கோட்டைவிட்டிருந்தால் எழுத்தாளர் ஜெயித்தார். முந்நூறாம் பக்கத்தில் துபாயிலிருந்து புதிதாக ஒரு தம்பி இறங்கினால் அது ஏமாற்று. நாக்ஸின் முதல் விதியே இதுதான்.

போளூர்: ஃபேன்டசியில் எதுவும் நடக்கலாம் என்கிறார்களே, அப்புறம் குறை சொல்ல என்ன இருக்கிறது அண்ணா?

எதுவும் நடக்கலாம் என்றால் பயம் எப்படி வரும் அம்மா? விக்கிரமாதித்தன் கதையைப் பாருங்கள். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இந்த ஒரே விதி அத்தனை கதைகளையும் தாங்குகிறது. கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கே பதில் தெரியவில்லை, அதனால் மௌனமாக இருக்க முடிகிறது. விதியை உடைக்காமலே பூட்டு திறந்துவிட்டது.

புதிதாக வரும் தமிழ் ஃபேன்டசியில் முதல் ஐம்பது, அறுபது பக்கத்துக்குள் மந்திரத்தால் என்ன முடியும், என்ன முடியாது, அதற்கு என்ன விலை என்று தெரிந்துவிட வேண்டும். நாயகி மலையையே தூக்குகிறாள், அடுத்த அத்தியாயத்தில் கயிற்றுக் கட்டை அவிழ்க்க முடியாமல் தவிக்கிறாள் என்றால் விதியே இல்லை. வீங்குவதும் சுருங்குவதும் எழுத்தாளர் வசதிக்குத்தான்.

ஆரணி: செங்கம் நடுகல்லில் ரகசிய மந்திரம் செதுக்கியிருப்பதாக ஒரு நாவல். நன்றாக இருந்ததா?

பாதிவரை. அந்தக் கற்களில் இருப்பது பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்தி: எந்தப் பல்லவ மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் மாடு பிடிக்க வந்தார்கள், மீட்கப் போய் யார் விழுந்தான். எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் உண்டு. கோவிவன் என்று பெயர் சொல்லி, இரண்டு கள்ளரைக் கடித்தது என்று பொறித்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்துக் கல்! இதை விட்டுவிட்டு, வெளிநாட்டுப் படத்தில் வருகிற மாதிரி வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்தது பெரிய நஷ்டம். இரவில் கல்லிலிருந்து இறங்கி ஊர் எல்லையைச் சுற்றும் கோவிவனை யாராவது எழுதினால் நான் முதல் பிரதி வாங்குவேன்.

ராணிப்பேட்டை: வாரத் தொடராக வந்த பழைய த்ரில்லரைப் புத்தகமாகப் படித்தால் அலுப்பாக இருக்கிறதே?

ஏழு நாள் காத்திருப்பவருக்காக வைத்த 'தொடரும்' அது. ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயத்தோடு நிறுத்துங்கள். போன வாரக் கதையை நினைவூட்டும் முதல் பத்தியைத் தாண்டிவிடலாம்.

வந்தவாசி: 1985-இல் நடக்கும் கதையில் "திருவண்ணாமலை கலெக்டர்" வருகிறார்.

அப்போது ஒரே வடஆற்காடு மாவட்டம், கலெக்டர் வேலூரில். பிரித்தது 1989-இல். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல்தான் தனி மாவட்டம். இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

கண்ணமங்கலம்: படைவீட்டுச் சம்புவராயர் காலத்து ஃபேன்டசி. போர் வர்ணனை அபாரம். நீங்கள் மட்டும் முகம் சுளித்தீர்களாம், ஏன்?

நானும் அபாரம் என்றுதான் சொன்னேன். படைவீட்டில் அவர்கள் ஆண்டது பதினான்காம் நூற்றாண்டு. போருக்கு முந்தின இரவு ஒரு வீரன் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்கிறான், இன்னொருவன் மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துத் தின்கிறான். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498-இல், மிளகாய் அதற்குப் பின்னால்தான். மல்லாட்டை என்ற பெயருக்குள்ளேயே மணிலா ஒளிந்திருக்கிறது. தக்காளி, புகையிலை, முந்திரி, கொய்யா எல்லாம் இதே கணக்குதான். பறக்கும் குதிரையை நான் மறுக்கவில்லை, அது அந்த உலகத்து விதி. மிளகாய்க்கு அந்த உலகத்தில் விதி ஏதும் சொல்லவில்லையே. கூழுக்குச் சின்ன வெங்காயம் கொடுங்கள், கொறிக்க வறுத்த கொள்ளு கொடுங்கள், காரத்துக்கு மிளகு இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் மூன்று வார்த்தை மாற்றினால் போதும்.