வாசகர் கேள்வி – பதில்: ராய் கோனும் பிரையர் வால்டரும்

கேள்வி: டோனி குஷ்னரின் ‘ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா’ நாடகம் எங்களுக்குப் பாடமாக உள்ளது. எய்ட்ஸ் நோய் கண்ட இருவரில் ராய் கோனை வில்லன் என்றும் பிரையர் வால்டரைப் பாதிக்கப்பட்டவர் என்றும் எழுதினால் போதுமா?
– முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: போதாது. அப்படிப் பிரித்துவிட்டால் நாடகத்தின் பாதி உங்கள் கைக்கு வராமலே போய்விடும். 1985ஆம் ஆண்டின் இறுதியில், நியூயார்க்கில், ஒரே நோய்க்கு ஆளான இந்த இருவரும் அதை யாரிடம், என்ன பெயரிட்டுச் சொல்கிறார்கள் என்பதைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

மருத்துவர் எய்ட்ஸ் என்று சொன்னதும், அது தன்பாலீர்ப்பாளர்களுக்கு வரும் நோய், எனக்கு வந்திருப்பது கல்லீரல் புற்றுநோய் என்கிறார் செல்வாக்குமிக்க வழக்கறிஞரான ராய். ஆண்களோடு உறவுகொள்வதை அவர் மறுக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர் என்றால் செல்வாக்கு இல்லாதவர் என்று பொருள், நானோ தொலைபேசியை எடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் அதிபரின் மனைவியிடம் பேசக்கூடியவன் என்பதுதான் அவர் வாதம். ஒரு மனிதன் யார் என்பதை அவன் உடலோ மனமோ அல்ல, அதிகாரமே தீர்மானிக்கிறது என்று அவர் மனதார நம்புகிறார். ஆனால் அதே செல்வாக்கை வைத்து, அப்போது சோதனையில் மட்டுமே இருந்த ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்தை மிரட்டி வாங்கித் தன் மருத்துவமனை அறையில் குவித்துக்கொள்கிறார். வாய் மறுக்கும் நோய்க்கு உடல் மருந்து கேட்கிறது. அவர் பாத்திரத்தின் உயிர்நாடி இந்த முரண்தான். 1986இல் இறந்த உண்மையான ராய் கோனும் கடைசிவரை கல்லீரல் புற்றுநோய் என்றே சொல்லிவந்தார். எய்ட்ஸுக்குப் பலியானோர் நினைவாகத் தைக்கப்பட்ட போர்வையில் அவருக்கான துண்டில், கொடுமைக்காரர், கோழை, பலியானவர் என மூன்று சொற்கள் உண்டு. மூன்றாவது சொல்லையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும்.

பிரையரோ, காதலர் லூயிஸின் பாட்டி அடக்கம் செய்யப்பட்ட நாளன்று, தன் கையில் தோன்றிய, எய்ட்ஸோடு வரும் புற்றுநோயான காபோசி சார்கோமாவின் புள்ளியை அவரிடமே காட்டிவிடுகிறார். லூயிஸ் விட்டுப் போய்விடுவார் என்ற அச்சத்தோடே காட்டுகிறார், அவ்வாறே நடக்கிறது. எனினும் அவர் வெறும் பரிதாபத்துக்குரியவர் அல்லர். மனிதர்கள் நகர்வதையும் மாறுவதையும் நிறுத்த வேண்டும் என்று தேவதை தனக்குத் தரும் செய்தியை, வலியோடு வாழும் அவரே சொர்க்கம்வரை சென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் வாழ வேண்டும் என்று கேட்கிறார். உங்கள் கட்டுரையில் அதிக இடம் இந்த மறுப்புக்குத்தான் தரப்பட வேண்டும்.

கேள்வி: தன்னை இனவெறியோடு ஏசும் ராய்க்குச் செவிலியர் பெலிஸ் உதவுவது நம்பும்படி இல்லையே?
– வாசகர், மதுரை

பதில்: எனக்கு அது முழுமையாக நம்பும்படியே இருக்கிறது. சோதனையில் சேர்ந்தால் மருந்துக்குப் பதில் வெறும் சர்க்கரை மாத்திரை கிடைக்கக்கூடும், உண்மையான மருந்தையே கேட்டு வாங்குங்கள் என்று ராயை எச்சரிப்பவர் கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளருமான பெலிஸ்தான். அவருக்கு ராய் மேல் பாசம் கிடையாது. படுக்கையில் கிடப்பவர் ஒரு நோயாளி என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ராய் இறந்ததும் எஞ்சிய மருந்தைத் தன் நண்பரான பிரையருக்காக எடுத்துக்கொள்கிறார். இறந்தவருக்கு யூத இரங்கல் வழிபாடான காதிஷைச் சொல்லும்படி லூயிஸையும் வற்புறுத்துகிறார். வெறுப்பும் கடமையும் ஒருவரிடமே ஒன்றையொன்று அழிக்காமல் இருப்பதால்தான் நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவர்.