அமெரிக்காவில் லா ரிவ்யூவில் சேர்வதற்கான ரைட்-ஆன் போட்டிக்கு எப்படித் தயாராவது?

லா ரிவ்யூ என்பது சட்டக் கல்லூரி மாணவர்களே நடத்தும் ஆய்விதழ் (ஜர்னல்). எழுத்துப் போட்டி வைத்து அதற்கு ஆள் எடுப்பதுதான் ரைட்-ஆன். கேள்வி கேட்டவர் ஜே.டி. என்ற அமெரிக்கச் சட்டப் படிப்பில் முதலாண்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். மே மாதம் தேர்வு முடிந்த கையோடு போட்டி. தேர்வுக்குப் படிப்பதா, இதற்குப் படிப்பதா என்று கேட்கிறார். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதது பாதிக்குமா என்றும் கேட்டிருக்கிறார். நான் ஒரு ஜர்னலில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இருந்தவள். மூன்றாம் ஆண்டில் போட்டிக்கு வந்தவற்றைத் திருத்தி மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில், தேர்வுக்கே படியுங்கள். பல கல்லூரிகளில் லா ரிவ்யூ இடங்களில் ஒரு பகுதி முதலாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தே நிரப்பப்படுகிறது. போட்டிக்கென்று புதிதாகச் சட்டம் படிக்க எதுவும் இல்லை. எந்தத் துறையில் கேள்வி வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பெரும்பாலும் இது மூடிய பாக்கெட். அவர்கள் கொடுக்கும் தீர்ப்புகள், சட்டப் பிரிவுகள், கட்டுரைகள் ஆகியவற்றை மட்டும் வைத்து எழுத வேண்டும், வெளியே தேடக் கூடாது. பொதுவாக ஒரு வழக்கைப் பற்றிய விமர்சனக் கட்டுரையும், அடிக்குறிப்புகளைத் திருத்தும் ஒரு பகுதியும் இருக்கும். ஹார்வர்டில் இந்தத் திருத்தப் பகுதியை சப்சைட் என்பார்கள். சில இடங்களில் பர்சனல் ஸ்டேட்மென்டும் கேட்பார்கள். உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது, ஒரு எண் மட்டும்தான்.

சரி, இப்போதே செய்யக்கூடியது என்ன? புளூபுக், அதாவது சட்ட எழுத்தில் ஆதாரங்களை எப்படிக் குறிப்பிடுவது என்று சொல்லும் விதிப் புத்தகம். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டுரை எப்படி அமையும் என்பது அன்றைய பாக்கெட்டைப் பொறுத்தது. புளூபுக் விதிகள் இன்றைக்கும் அதேதான், போட்டியன்றும் அதேதான். முன்கூட்டியே உழைத்து மதிப்பெண்ணை உறுதி செய்துகொள்ளக்கூடிய ஒரே இடம் அது. ஆனாலும் பாதிப் பேர் பாக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

புளூபுக்கைத் தொகுப்பது ஹார்வர்ட், கொலம்பியா, பென்சில்வேனியா, யேல் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் ஜர்னல்கள். 22ஆம் பதிப்பு 2025இல் வந்தது. உங்கள் போட்டி எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். லீகல் ரைட்டிங் வகுப்பில் நீங்கள் பழகியது நீலப் பக்கங்கள், அதாவது வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு எழுதும் முறை. ஜர்னலுக்கு வேண்டியது வெள்ளைப் பக்கங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் எழுத்துரு விதிகள் வேறு. ஜர்னல் அடிக்குறிப்பில் ஒரு வழக்கை முதல்முறை முழுதாகக் குறிப்பிடும்போது அதன் பெயர் சாதாரண எழுத்தில் வரும். அதே வழக்கைச் சுருக்கமாகக் குறிப்பிடும்போது பெயர் சாய்வெழுத்தில் வரும். புத்தகத்தின் ஆசிரியர், தலைப்பு, ஜர்னலின் பெயர் எல்லாம் சிறிய பேரெழுத்தில் (ஸ்மால் கேப்ஸ்). வகுப்பில் ஏ வாங்கியவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் 'இட்.' (id., 'மேலே சொன்ன அதே ஆதாரம்') என்ற சுருக்கம். முந்தைய அடிக்குறிப்பில் ஒரே ஓர் ஆதாரம் இருந்தால்தான் அதைப் போடலாம். 12ஆம் அடிக்குறிப்பில் இரண்டு வழக்குகள் இருந்தால் 13இல் 'இட்.' தவறு, எந்த வழக்கைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லின் முற்றுப்புள்ளியும் சாய்வாக இருக்க வேண்டும். வழக்கின் சுருக்க வடிவத்தைப் பயன்படுத்த, அதே அடிக்குறிப்பிலோ முந்தைய ஐந்திலோ அந்த வழக்கு வந்திருக்க வேண்டும். 'சூப்ரா' (supra, 'முன்பே குறிப்பிட்டது') புத்தகத்துக்கும் கட்டுரைக்கும் சரி, வழக்குக்கும் சட்டப் பிரிவுக்கும் போடக் கூடாது. ஐம்பது சொல்லோ அதற்கு மேலோ உள்ள மேற்கோள் தனிப் பத்தியாக உள்தள்ளி வரும். திருத்தப் பகுதியில் வைக்கப்படும் கண்ணிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

மனப்பாடம் செய்யாதீர்கள். எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் போதும். விதி 1 (ஆதாரத்துக்கு முன்னால் வரும் 'see' போன்ற முன்குறிச் சொற்கள்), விதி 4 (சுருக்க வடிவம்), 10 (வழக்கு), 12 (சட்டம்), 15 (புத்தகம்), 16 (பருவ இதழ்), 18 (இணையம்), பிறகு சுருக்கங்களுக்கான டி6 அட்டவணை, இவற்றுக்கு ஒட்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இது: உங்கள் கல்லூரி ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையில் சில அடிக்குறிப்புகளை எடுங்கள். அவை காட்டும் மூலங்களைத் தேடிப்பிடியுங்கள். அச்சில் இருப்பதைப் பார்க்காமல் நீங்களே எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அந்த விதியைப் போய்ப் படியுங்கள். போட்டி தொடங்கும் முன் ஒரு நண்பரோடு சேர்ந்து, ஆளுக்கொரு பக்கத்தில் வேண்டுமென்றே தவறுகளை நுழைத்து மாற்றிக்கொள்வதும் நல்ல பழக்கம். தொடங்கிய பிறகு யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நடத்தை விதி மீறலாகிவிடும். அது வழக்கறிஞர் உரிமம் வாங்கும்போது வரைக்கும் தொடரும்.

இரண்டாவது வேலை, பழைய மாணவர் கட்டுரைகளைப் படிப்பது. ஹார்வர்ட் லா ரிவ்யூவின் 'ரீசன்ட் கேசஸ்' பகுதி எளிதாகக் கிடைக்கும், சில பக்கங்கள்தான். எந்த நீதிமன்றம், என்ன முடிவு, அதில் என்ன குறை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு உண்மைகள், கீழ் நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்ப்பு, மாறுபட்ட தீர்ப்பு, கடைசியில் தங்கள் வாதம். சட்டத்தைக் கற்றுக்கொள்ள அல்ல, இடம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்க்கப் படியுங்கள். உண்மைகளுக்கு எத்தனை வரி, வாதத்துக்கு எத்தனை வரி என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்தவற்றில் நிறைய, வழக்கைச் சுருக்கிச் சொல்வதிலேயே பக்க வரம்பைக் கரைத்துவிட்டு, வாதத்தைக் கடைசிப் பத்தியில் திணித்தவை.

இனி கட்டுரை. திருத்துகிறவர் கையில் இருக்கும் எல்லாக் கட்டுரையும் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்தவை. அதே மேற்கோள்கள், அதே வழக்குகள். அதில் தனித்து நிற்பது ஒரே ஒரு குறுகிய வாதத்தைப் பிடித்து, அதற்கு உதவாததை எல்லாம் விட்டுவிட்ட கட்டுரை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கூகுளிடமிருந்து ஒரு வட்டாரத்துக்குள் இருந்த அத்தனை போன்களின் இருப்பிடத்தையும் வாங்க போலீஸ் பயன்படுத்திய ஜியோஃபென்ஸ் வாரண்டுகள் விஷயத்தில், 2024இல் இரண்டு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதிரெதிராகப் போயின. சாட்ரி வழக்கில் 4ஆவது சர்க்யூட்டின் மூவர் அமர்வு, இரண்டு மணி நேரத் தகவலைப் பெற்றது நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தின்கீழ் 'சோதனை'யே இல்லை என்றது. ஸ்மித் வழக்கில் 5ஆவது சர்க்யூட், அது சோதனைதான், இப்படிப்பட்ட வாரண்டே செல்லாது என்றது. நடுவில் நிற்பது, செல்போன் இருப்பிடத் தகவலைப் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2018 கார்பென்டர் தீர்ப்பு. போட்டிக் குழுக்கள் விரும்பித் தேடுவது இந்த மாதிரிப் பிளவைத்தான்.

இதற்கு 'ஜியோஃபென்ஸ் வாரண்டுகள் அந்தரங்கத்தைப் பாதிக்கின்றன' என்று எழுதினால் அது கருத்து. வாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், கார்பென்டர் தீர்ப்பின் 3ஆம் அடிக்குறிப்பில். ஏழு நாள் தகவலைப் பெறுவது சோதனை என்று சொன்னாலே இந்த வழக்குக்குப் போதும், அதைவிடக் குறைந்த ஒரு கால அளவுக்கு விலக்கு உண்டா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அங்கே கேள்வியைத் திறந்தே வைத்தது. அப்படியானால், 'இரண்டு மணி நேரம் குறுகியது' என்ற காரணத்துக்கு மூவர் அமர்வு எவ்வளவு எடை கொடுத்தது, அந்த எடையைக் கார்பென்டர் தாங்குமா? இது பத்துப் பக்கத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய வாதம். மற்றவர்கள் அந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போயிருப்பார்கள். மாறுபட்ட தீர்ப்புகளையும் அடிக்குறிப்புகளையும் நிதானமாகப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சாட்ரி வழக்கைப் பிறகு முழு அமர்வும் விசாரித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு பாக்கெட்டில் இல்லை என்றால் உங்களைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. தெரிந்த விஷயம் என்று எழுதினால் விதி மீறல்.

பாக்கெட்டில் எதையும் விடாமல் சேர்த்தால்தான் மதிப்பெண் என்று ஒரு பயம் இருக்கும். சில ஆவணங்கள் திசைதிருப்பவே வைக்கப்படுகின்றன. உங்கள் வாதத்துக்கு எதிரான வலுவான ஆதாரம் ஒன்று இருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக எடுத்துப் பதில் சொல்லுங்கள். அதைத் தவிர்த்தவர்களை நாங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவோம், எல்லோருக்கும் அதே பாக்கெட் தெரியுமே.

ஆங்கிலம் பற்றி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அது தாய்மொழி இல்லை. திருத்தும்போது நாங்கள் அழகான ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடவில்லை. ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்ததா என்பதுதான் கணக்கு. இந்தியாவில் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்) பழகி வந்தவர்களிடம் 'தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறோம்' பாணி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முழுதாக விட்டுவிடுங்கள். வாக்கியத்தைச் சின்னதாக வையுங்கள், யார் என்ன செய்தார் என்று நேராகச் சொல்லுங்கள், ஒவ்வொரு கூற்றுக்கும் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு கொடுங்கள். கவனமாக எழுதுகிறவர்களுக்கு, எங்கே படித்தார்கள் என்பது ஒரு தடையாக இருந்ததை நான் பார்க்கவில்லை.

நாட்களைப் பிரிப்பது போட்டியின் நீளத்தைப் பொறுத்தது. எதுவானாலும் முதல் பகுதி படிக்க மட்டும், கடைசிப் பகுதி எழுதாமல் திருத்த மட்டும். அடிக்குறிப்புத் திருத்தப் பகுதியைக் களைப்பான நேரத்துக்குத் தள்ளாதீர்கள், அதற்குத்தான் தெளிந்த கண் வேண்டும். பக்க வரம்பு, ஓர அளவு, அடிக்குறிப்பின் எழுத்தளவு, கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பதற்றமில்லாத நேரத்தில் சரிபாருங்கள். தேர்வு முடிந்து போட்டி தொடங்குவதற்குள் ஒரு நாள் கிடைத்தாலும் தூங்குங்கள்.

பர்சனல் ஸ்டேட்மென்ட் கேட்டால் அதைக் கடைசி இரவில் எழுதாதீர்கள். எந்த மாதிரிக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க, திருத்த நீங்கள் உதவ முடியும் என்பதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு குறிப்பிட்ட விஷயத்தைச் சொல்லுங்கள். ரெஸ்யூமேவை மறுபடி எழுதினால் யாருக்கும் நினைவில் நிற்காது.

பல கல்லூரிகளில் ஒரே போட்டி வழியாகவே எல்லா ஜர்னல்களுக்கும் ஆள் எடுக்கிறார்கள். விருப்ப வரிசைப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். அதில் லா ரிவ்யூவை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் குடியேற்றச் சட்டத்திலோ வரியிலோ ஆர்வம் இருந்து, அந்தத் துறைக்கு உங்கள் கல்லூரியில் ஒரு ஜர்னலும் இருந்தால், அதன் கடந்த சில இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரிசையில் அதற்கு நல்ல இடம் கொடுங்கள். இரண்டாமாண்டில் நீங்கள் நாள்கணக்காக உட்கார்ந்து திருத்தப்போவது அந்தக் கட்டுரைகளைத்தான்.