அஜினமோட்டோவைத் துரத்தியாயிற்று, எண்ணெய் என்ன ஆயிற்று?

கேள்வி: கொஞ்ச நாளாக டயட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை இரவு மட்டும் நண்பர்களோடு சைனீஸ் பார்சல். அதிலும் நான் கவனமாகத்தான் இருக்கிறேன். கறி பக்கமே போவதில்லை; வெஜ் ஃப்ரைடு ரைஸ், வெஜ் ஸ்பிரிங் ரோல், கூடவே பூண்டு சாஸில் கத்தரிக்காய், அவ்வளவுதான். அஜினமோட்டோ போடாத கடையாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம். இரவு சாப்பிடப் போகிறோமே என்று அன்று மதியம் பட்டினி வேறு. இவ்வளவுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை மெஷின் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிக் காட்டுகிறது. சைனீஸையே விட்டுவிட வேண்டுமா, இல்லை உருப்படியாக எதையாவது ஆர்டர் செய்ய வழி உண்டா? எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: விட வேண்டாம். ஆனால் உங்கள் ஆர்டரைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மெனுவில் எண்ணெய் அதிகம் குடிக்கக்கூடிய மூன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டு, கறியைத் தொடவில்லை, அஜினமோட்டோ இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

முதலில் அந்தக் கத்தரிக்காய். பச்சையாக இருக்கும்போது அதைவிடச் சாதுவான காய் கிடையாது, கலோரி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதன் உள்சதை முழுக்கக் காற்று. சூடான எண்ணெயில் விழுந்ததும் காற்று போய் அந்த இடத்தில் எண்ணெய் ஏறிவிடும். பூண்டு சாஸ் கத்தரிக்காயைப் பெரும்பாலான கடைகளில் முதலில் பொரித்தெடுத்துத்தான் சாஸில் போடுகிறார்கள். அந்தப் பளபளப்பும், வாயில் வைத்தவுடன் கரைகிற பதமும் வேறு எப்படி வரும்? அடுத்தது ஸ்பிரிங் ரோல். உள்ளே இருப்பது இரண்டு ஸ்பூன் முட்டைக்கோஸ், சுற்றியிருப்பது பொரித்த மைதா. அதைக் காய்கறிக் கணக்கில் எழுதுவது உங்கள் பெருந்தன்மை.

ஃப்ரைடு ரைஸைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆறிய சோற்றை நன்கு காய்ந்த வாணலியில் போட்டுப் புரட்டுகிறார்கள். ஒரு பருக்கை இன்னொன்றோடு ஒட்டாமல் உதிரி உதிரியாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு பருக்கை மேலும் மெல்லிசாக எண்ணெய் பூசியாக வேண்டும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. நூறு கிராம் வெறும் சோறே 130 கலோரிதான். அப்படியானால் பார்சல் டப்பாவில் சாதாரணமாகப் புரளுகிற இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் என்பது, நீங்கள் கண்ணால் பார்க்காமலே சாப்பிட்டுவிடும் இன்னொரு தட்டுச் சோறு. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை டப்பா காலியானதும் அடியில் பாருங்கள், மஞ்சளாக ஒரு படலம் மினுங்கும். அது டப்பாவில் தங்கியது மட்டும். மீதி எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, மெனுவில் எதைச் சமைத்தார்கள் என்று பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, எப்படிச் சமைத்தார்கள் என்று பாருங்கள். வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்பது உங்கள் கொள்கை சம்பந்தப்பட்டது. எடைக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆவியில் வெந்த மீன், பொரித்த காலிஃபிளவரைவிட டயட்டுக்கு எவ்வளவோ நல்லது. மெனுவில் 'கிரிஸ்பி', 'கோல்டன்' என்று கண்டால் மாவில் முக்கிப் பொரித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 'ஸ்வீட் அண்ட் சோர்' பெரும்பாலும் அதே பொரியலை இன்னொரு முறை சர்க்கரைப் பாகில் புரட்டியது.

இந்தச் சர்க்கரை விஷயத்தில் ஒரு குட்டிக் கதை. ஜெனரல் ட்ஸோ சிக்கன் என்று அமெரிக்க சைனீஸ் கடைகளில் பேர்போன ஐட்டம் ஒன்று உண்டு. ஹூனான் மாகாணத்தைச் சேர்ந்த பெங் சாங்-குவெய் என்ற சமையல்காரர் 1950களில் தைவானில் இருந்தபோது உருவாக்கியது. அப்போது அதில் காரம், புளிப்பு, உப்பு, பூண்டு எல்லாம் தூக்கலாக இருந்தன, சர்க்கரை கிடையாது. 1970களில் நியூயார்க் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது இன்றைய பாகு சொட்டும் வடிவத்துக்கு வந்தது. சைனீஸ் என்றாலே இனிப்பும் எண்ணெயும்தான் என்று அந்தச் சமையல் மேல் பழி போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆவியில் வேகவைப்பது, தெளிந்த சூப், கீரையைக் கொதிநீரில் வாட்டி எடுப்பது என்று அந்த ஊர் வீடுகளில் நித்தியம் நடக்கிற சமையல் பாதி உங்கள் டயட்டுக்குத் தோதானதுதான். பார்சல் மெனுவில் அவை கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும், அவ்வளவே.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'சிக்கன் வித் புரோக்கோலி' மாதிரி வதக்கிய ஐட்டங்களிலும் எண்ணெய் உண்டு. கறித்துண்டுகளை முட்டை வெள்ளைக்கரு, சோளமாவு கலந்து பிசிறி, மிதமான சூட்டிலிருக்கும் எண்ணெயில் அரை நிமிடம் போல விட்டு எடுத்த பிறகே வாணலிக்கு வரும். அந்த வழவழப்பான மென்மையின் ரகசியம் அதுதான். சில கடைகளில் எண்ணெய்க்குப் பதில் கொதிநீரில் விட்டு எடுப்பதும் உண்டு. எப்படியிருந்தாலும் மாவில் முக்கிப் பொரித்ததைவிட இதில் எண்ணெய் குறைவு, காயும் புரதமும் அதிகம். ஆகவே தாராளமாக வாங்கலாம்.

அஜினமோட்டோவுக்கு வருவோம். கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு எது காரணம் என்று தேடிய ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-ல் கண்டுபிடித்த உப்பு அது. 1968-ல் ஒரு மருத்துவர், சைனீஸ் உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் போட்டார். காரணமாக இருக்கலாம் என்று அவர் அடுக்கிய பலவற்றில் இதுவும் ஒன்று. பழி மட்டும் இதன் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நடந்த சோதனைகளில், சாப்பாட்டில் வழக்கமாகச் சேர்க்கும் அளவுக்கு அப்படி எதுவும் உறுதிப்படவில்லை. உங்கள் எடைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சோடியம் என்று பார்த்தாலும் சாப்பாட்டு உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் தவிர்த்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கடையில் வாய் திறந்து கேட்கிற ஒரே கேள்வியை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

சோடியத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியது சோயா சாஸைப் பார்த்து. ஒரு மேஜைக்கரண்டியில் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம்; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சூப்பில் உப்பு, சோற்றில் உப்பு, கிரேவியில் உப்பு, தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் என்று வந்தால் ஒரே வேளையில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை மர்மத்தின் விடையும் இதில்தான் இருக்கிறது. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசியும் மாவும் உடம்பில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது அதுவும் தன் பங்குக்குத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். ராத்திரியோடு ராத்திரியாக ஏறிய அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். ஞாயிறு காலை மெஷின் மேல் ஏறி மனதைக் கெடுத்துக்கொள்வதை நிறுத்துங்கள், புதன்கிழமை பாருங்கள். (ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இந்த உப்பு வெறும் மெஷின் விவகாரம் இல்லை. அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

சரி, சனிக்கிழமை என்ன ஆர்டர் செய்யலாம்? ஒரு தெளிந்த சூப்பில் ஆரம்பியுங்கள், முட்டை ஊற்றியதோ காய் போட்டதோ, கலோரி குறைவு, பசியின் வேகத்தையும் தணிக்கும். ஸ்பிரிங் ரோல் இடத்தில் ஆவியில் வெந்த டம்ப்ளிங். கத்தரிக்காய் இடத்தில் புரோக்கோலியோ காளானோ பச்சைக் கீரையோ, அதோடு டோஃபு. டோஃபுவைப் பொரிக்காமல் போடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பொரித்துவிட்டால் அதுவும் கத்தரிக்காய் மாதிரிதான். ஃப்ரைடு ரைஸ் இடத்தில் வெள்ளைச் சோறு. அதையும் டப்பாவோடு மடியில் வைத்து டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடாதீர்கள். ஒரு டப்பா இரண்டு பேருக்குத் தாராளம். தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, சாஸிலிருந்து காயை முள்கரண்டியால் எடுத்து வையுங்கள், சாஸை மொத்தமாகச் சோற்றின் மேல் கவிழ்க்காதீர்கள். மிச்சச் சோற்றை அப்படியே மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

ஃப்ரைடு ரைஸ்தான் உயிர் என்றால் அதையே வாங்கி நாலு பேரோடு பங்கிட்டு ஒரு கிண்ணம் ஆசைதீரச் சாப்பிடுங்கள். பிடிக்காததை வாங்கிக் கடனே என்று மென்றுவிட்டு, பதினோரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. மதியப் பட்டினியை இந்த வாரமே நிறுத்துங்கள். காய்ந்த வயிற்றோடு மெனுவைப் பார்த்தால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும், முதல் பத்து நிமிடத்தில் எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியாது.

கடைசியாக அந்தக் கூச்சம். சமையல்கட்டில் இருப்பவருக்கு இது தினமும் காதில் விழும் பேச்சு. 'எண்ணெய் கொஞ்சம் குறைச்சலா, சாஸ் தனியா' என்றால் போதும், டயட் புராணம் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. என்ன, சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக் கூட்டத்தில் சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது. ஏழு மணிக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கலந்து வைத்திருக்கும் சாஸில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வேறு ஐட்டம் வாங்குவதுதான் வழி.